கல்லில் இருந்தும் மறந்த பெயர்

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார்? இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட ராஜராஜன் என்று சட்டென்று சொல்லிவிடும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்விக்குத் தஞ்சாவூரிலேயே வேறு பதில்தான் கிடைத்திருக்கும். கரிகால் சோழனுக்குத் தொழுநோய் கண்டதாகவும், அது தீர அவன் எழுப்பிய கோயில் இது என்றும் பிருகதீசுவர மகாத்மியம் என்ற வடமொழித் தலபுராணம் சொன்னது. ஜி.யு.போப் காடுவெட்டிச் சோழன் கட்டினான் என்று எழுதினார்.

இத்தனைக்கும் விமானத்தின் அடித்தளத்திலேயே பதில் இருந்தது. தான் எடுப்பித்த கற்றளிக்குத் தானும், அக்கன் குந்தவையும், தேவியரும், மற்றவர்களும் கொடுத்ததை எல்லாம் கல்லில் வெட்டுங்கள் என்று ராஜராஜன் இட்ட ஆணை அது. காடு மண்டிக் கிடந்த கோயிலும் அல்ல. பூசை நடந்தது; நாயக்கர் காலத்தில் சுப்பிரமணியர் சன்னதி எழுந்தது. மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி தம் போன்ஸ்லே குலத்தின் வரலாற்றை 1803இல் அதே கோயிலின் சுவரில் மராத்தியில் பொறித்தார். பழைய எழுத்துகளைத் தினமும் எத்தனையோ பேர் கடந்து போனார்கள். 1279ஓடு சோழர் ஆட்சி முடிந்தது. பின்னால் வந்த அரசுகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய தேவை இல்லை. தமிழ் எழுத்தின் வடிவமும் மாறிவிட்டதால் படிக்கவும் ஆள் இல்லாமல் போயிற்று.

1886இல் சென்னை மாகாணக் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற ஜெர்மானியர் ஹுல்ஷும், உடனிருந்த வெங்கையாவும் அந்தக் கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படித்தார்கள். 1891 முதல் அவை அச்சில் வந்தன. 1931இல் வரலாற்றாய்வாளர் எஸ்.கே.கோவிந்தசாமி, கருவறைச் சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதைக் கண்டார். பிறகு 1950இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வரத் தொடங்க, ராஜராஜன் வீட்டுப் பிள்ளையே ஆகிவிட்டான்.

ஆனால் சுவரில் இருந்ததை எல்லாமா நாம் திரும்ப எடுத்துக்கொண்டோம்? திருச்சுற்று மாளிகையின் வெளிச்சுவரில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்களின், அதாவது கோயிலில் ஆடிப் பாடிய பெண்களின் பட்டியல். எந்தத் தெரு, அதில் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்திக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறது. பெயருக்கு முன்னால் சிவனைக் குறிக்கும் ‘நக்கன்’. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவர், தையற்காரர், குயவர், வண்ணார் எனத் தொடரும் அந்த வரிசையில் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சனும் இருக்கிறான். சொந்த ஊரை விட்டு வர அந்தப் பெண்களுக்கு விருப்பம் இருந்ததா என்று கல் சொல்லவில்லை. அவர்கள் குடியிருந்த முகவரியை மட்டும் ஆயிரம் ஆண்டுகளாக வைத்திருக்கிறது.

இந்தப் பட்டியலும் அச்சேறி நூறாண்டுக்கு மேலாகிறது. அதிலிருந்து ஒரு பெயரைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் எத்தனை பேரால் முடியும்? அதே நேரம், விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதை ஊரெல்லாம் தெரியும். மாலையில் போய் நின்றால் காலடியிலேயே நிழல் நீண்டு கிடக்கும். கதை மட்டும் நிற்கவில்லை. அதைச் சொல்லும் வழிகாட்டிகள் அடுத்த முறை பிள்ளைகளை அந்தச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போய் நான்கு பெயர்களைப் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பெண்கள் விட்டு வந்த கோயில்களில் பல இன்றும் அதே ஊர்களில் இருக்கின்றன. அடுத்த வாரம் அவற்றில் ஒன்றான திருவையாற்றுக்குப் போவோம்.