தூசியும் தொழிலாளியின் மூச்சும்

உழைப்பவனுக்குச் சோறு போடுவது அவனது தொழில். அத்தொழிலே சிலருக்கு நோயாகவும் மாறிவிடுகிறது. மாவாலையிலும் பஞ்சாலையிலும் பறக்கும் தூசி, மூச்சுக்குழலைச் சுருங்கச் செய்து, ஈளை எனப்படும் ஆஸ்துமாவையும் அதனையொத்த நோய்களையும் உண்டாக்குகிறது. இத்தூசியினின்று தொழிலாளியைக் காக்கும் பொறுப்பு யாருடையது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைக்க ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் சென்றன.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றித் தனிநூல் ஒன்றை வெளியிட்டார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் யாதெனவும் மருத்துவர் வினவ வேண்டும் என்பது அவர் வகுத்த நெறி. ரொட்டி சுடுவோரும் தானியம் சலிப்போரும் இருமலாலும் மூச்சுத் திணறலாலும் வருந்துவதை அவர் கண்டார். ரொட்டி சுடுவோர் முகத்தில் துணி கட்டிக்கொண்டனர்; ஆயினும் மாவுத்தூசி உள்ளே புகுந்தது. துணியொன்றே காப்பாகாது என்பது அன்றே புலப்பட்டது.

பின்னர் இயந்திரங்கள் வந்தன, தூசியும் பெருகியது. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பஞ்சைச் சீவி இழைகளைச் சீராக்கும் 'கார்டிங்' கூடங்கள் தூசிமயமாய் இருந்தன. நூற்பாலைத் தொழிலாளரின் நெஞ்சு நோயைப் பற்றி ஜேம்ஸ் கே என்னும் மருத்துவர் 1831இல் எழுதினார். 'பிசினோசிஸ்' எனப் பின்னர் பெயர் பெற்ற இந்நோய்க்குத் தனி அடையாளம் ஒன்று உண்டு. ஞாயிறன்று ஓய்ந்திருந்து திங்களன்று வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சு இறுகும். அடுத்தடுத்த நாள்களில் தளரும். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்விறுக்கம் எல்லா நாளும் நீடித்து, இறுதியில் நிலைத்துவிடும்.

பிரிட்டனில் 1898இல் தொழிற்சாலைகளின் முதல் மருத்துவ ஆய்வாளராக நியமிக்கப்பெற்றவர் தாமஸ் லெக். முதலாளி தம்மால் இயன்ற அனைத்தையும் செய்தாலன்றித் தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யக்கூடியது மிகச் சொற்பமே என்பது அவர் கண்ட உண்மை. எனினும் சட்டம் மெல்லவே நடந்தது. 1941இல் பிரிட்டனில் ஏற்பட்ட உதவித்திட்டம் நோயுற்றோருக்குப் பணம் தந்ததே தவிர, இழந்த மூச்சைத் திருப்பித் தரவில்லை. 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் நிகழ்த்திய ஆய்வுகள், லங்காஷயர் ஆலைகளில் அந்நோய் இன்னும் மறையவில்லை என்று காட்டின.

அமெரிக்காவில் 1978இல் வகுக்கப்பட்ட பஞ்சுத்தூசி விதி, நூற்பாலைக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 200 மைக்ரோகிராம் தூசியே இருக்கலாம் என வரையறுத்தது. தூசியை இயந்திரங்களின் துணையால் முதலில் அடக்க வேண்டும். முகக்கவசத்தை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது என்றும் விதித்தது. ஆலை உரிமையாளர் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளரின் உடல்நலத்தைச் செலவோடு வைத்துத் தராசில் நிறுக்கச் சட்டம் கோரவில்லை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1981இல் தீர்ப்பளித்தது. அதன்பின் அங்கு அந்நோய் பெரிதும் குறைந்தது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே. தூசி எழும் இடத்தை மூட வேண்டும். எழுந்ததை அங்கேயே உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். காற்றை அளந்து பார்க்க வேண்டும். முகக்கவசம் கடைசிக் காப்பு. 'கவனமாய் இரு' என்று தொழிலாளிக்கு அறிவுரை கூறுவது எளிது. அவன் சுவாசிக்கும் காற்றைத் தூய்மையாக்கித் தருவதே கடமை.