எண்ணெய்ச் சட்டியும் வான்கோழியும்

வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுகிறது என்றால் அன்று ஏதோ ஒரு விசேஷம் என்று பொருள். பொரியும் மணம் தெருவுக்கு வந்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பாடம் ஏறாது; பல்லாண்டு ஆசிரியனாக இருந்த நான் இதைக் கண்கூடாகக் கண்டவன். அந்தச் சட்டியின் சரித்திரத்தையும், எங்கள் மாடம்பாக்கத்து வீட்டில் அதற்குள் புகுந்த ஒரு புது விருந்தாளியின் சரித்திரத்தையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

பலகாரம் சுடும் கலை நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை அப்ப வாணிகராகிய கூவியரைக் குறிப்பிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் எழுந்த மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல் வடையையும் பூரியையும் பேசுகிறது. ஆயினும் அந்நாளையச் சமையலறையில் கடலை எண்ணெய் கிடையாது, மிளகாய் கிடையாது, காரத்துக்கு மிளகுதான். மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பின்னரே அவை கடல் கடந்தன. மணிலாக் கொட்டை என்ற பெயரே கடலை வந்த வழியைச் சொல்லும். 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் அது பெருகி விளைந்து, புதுச்சேரி வழியே பிரான்சுக்குக் கப்பலேறியது. இன்று மல்லாட்டையை அந்நியப் பொருள் என்று யார் சொல்வார்?

வான்கோழியும் அதே கண்டத்துப் பறவைதான். மெக்சிகோ மக்கள் பழக்கி வளர்த்த அதனை ஸ்பானியர் 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அதன் பெயரில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலேயர் அதற்குத் துருக்கியின் பெயரை இட்டனர். துருக்கியர் இந்தியாவை நினைந்து ‘ஹிந்தி’ என்றனர். போர்த்துகீசியர் ‘பெரு’ என்றனர். மூவரும் சொன்ன ஊர் தவறு! 1612இல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியைக் கண்டு வியந்த ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் அதை வருணித்தார். அவருடைய ஓவியர் மன்சூர் அதைத் தீட்டினார். மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழியை மூதுரையில் படித்திருக்கிறோம். அங்கே சுட்டப்படுவது இப்பறவைதான் என்றால், அப்பாட்டு 16ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. பின்னாளில் நம் கால்நடை அறிவியலார் நாட்டுக் கறுப்பு இனத்தையும் பெல்ட்ஸ்வில் சிறு வெள்ளை இனத்தையும் கலந்து ‘நந்தனம் வான்கோழி’யை உருவாக்கினர்.

முழு வான்கோழியைக் கடலை எண்ணெயில் பொரிப்பது அமெரிக்காவின் லூசியானாப் பகுதியில் பெயர் பெற்ற வழக்கம். அங்கே சில காலம் வேலை பார்த்துத் திரும்பிய என் தமக்கையாரின் மகன், சென்ற டிசம்பரில் அதைச் செய்து காட்டப் புறப்பட்டான். நாலு கிலோப் பறவை, பெரிய அண்டா, வாயு அடுப்பு. “அரை மணி நேரம் போதும், மாமா! தோல் அப்பளம்போல் நொறுங்கும், உள்ளே சாறு வற்றாது” என்றான்.

என் தமக்கையார் பறவையின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தார். “உள்ளே இன்னும் பனிக்கட்டி இருக்கிறது. அடுப்பை அணை” என்றார்.

அந்தக் கையில் ஒரு பழைய தழும்பு உண்டு. 1969 தீபாவளிக்கு முந்திய இரவு, விறகடுப்பில் காய்ந்த எண்ணெய் தீப்பற்றியது. பதினான்கு வயதுப் பெண்ணாகிய அவர் பதறி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார். நெருப்பு கீற்றுக்கூரை வரை எழுந்தது. அம்மா ஓடிவந்து தாம்பாளத்தால் சட்டியை மூடி அணைத்தார்கள். கூரை பிழைத்தது, கை வெந்தது.

“எண்ணெயில் தண்ணீர் படக்கூடாது” என்பது எங்கள் வீட்டில் எல்லாரும் அறிந்த விதி. காரணத்தை மட்டும் எவரும் சொல்லவில்லை. ஆகையால் ஆபத்து வேளையில் விதி மறந்துபோயிற்று. நீர் எண்ணெயினும் கனமானது, அடியில் இறங்கும். 100 பாகையில் கொதிக்கும் நீர், அதைவிட மிகச் சூடான எண்ணெய்க்குள் நொடியில் ஆவியாகிறது. ஆவி நீரைப்போல் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கொள்ளும். எரியும் எண்ணெயை அது நாற்புறமும் வாரி இறைக்கும். பறவைக்குள் ஒளிந்த பனிக்கட்டியும் அதையே செய்யும்.

பறவை இரண்டு நாள் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் கிடந்து இளகியது. பிறகு நான் ஆர்க்கிமிடீசைத் துணைக்கு அழைத்தேன். வெற்று அண்டாவில் பறவையை வைத்து, அது முழுகும்வரை நீர் ஊற்றி, பறவையை எடுத்தபின் நின்ற மட்டத்தில் கோடிட்டோம். அதுவே எண்ணெயின் அளவு; மிஞ்சினால் வழிந்து தீப்பிடிக்கும். அண்டாவையும் பறவையையும் ஈரமறத் துடைத்தோம். கூரையில்லாத வெட்டவெளியில் அடுப்பை வைத்து, எண்ணெய் 175 பாகைக்குக் காய்ந்ததும் தீயை அணைத்து, பறவையை மெல்ல இறக்கி, மீண்டும் மூட்டினோம். மூடி கையருகே இருந்தது. தண்ணீர்ச் செம்பு தொலைவில் இருந்தது.

மருமகன் சொன்னது பொய்யன்று, தோல் நொறுங்கியது. தமக்கையார் ஒரு துண்டு சுவைத்து, “கொஞ்சம் மிளகு போட்டிருக்கலாம்” என்றார்.

பண்டங்கள் கடல் கடந்து வந்து நம்முடையவை ஆகிவிடுகின்றன. அவற்றைக் கையாளும் விதிகளோ காரணத்தோடு சொல்லப்பட்டால்தான் தலைமுறை கடக்கின்றன. அடுத்த முறை உங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறும்போது, பிள்ளைகளை எட்டி நிற்கச் சொல்லுங்கள்; ஏன் எட்டி நிற்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.