அவசர அழுத்தக் குறைப்பு

எரிவாயு, பெட்ரோலியக் குழாய்களையும் கலன்களையும் தீ சூழும்போது, உள்ளிருக்கும் வாயுவை வேகமாக வெளியேற்றி எரிகோபுரத்துக்கு அனுப்பும் பாதுகாப்பு முறை. பாதுகாப்பு வால்வு போதாதா? போதாது. அது அழுத்தத்தை ஓர் எல்லைக்கு மேல் ஏறவிடாது, அவ்வளவுதான், இறக்காது. திரவம் தொடாத மேற்சுவர் 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது எஃகின் வலு பாதிக்கும் கீழே போய்விடும். வால்வு ஒழுங்காக இயங்கும்போதே கலன் கிழியக்கூடும். ஆகவே, தடித்த சுவருள்ள கலன்களில் 15 நிமிடத்துக்குள் அழுத்தத்தை வடிவமைப்பு அளவின் பாதிக்கு இறக்குவது பழகிய அளவுகோல். அப்போது வாயு விரிந்து குளிரும். குழாய்மேல் வெண்பனி படியும், சாதாரண எஃகு நொறுங்கும் தன்மை பெறும். குளிரையும் கணக்கிட்டே குழாயைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சாலையில் ஓடும் டேங்கருக்கு எரிகோபுரம் ஏது? 2025 ஜனவரி 3 அதிகாலை, கொச்சியிலிருந்து 18 டன் சமையல் எரிவாயுவுடன் வந்த டேங்கர் கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் கவிழ்ந்து கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் இடைவிடாமல் தண்ணீர் பீய்ச்சினார்கள். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. பல மணி நேரத்துக்குப் பின் கிரேன்கள் டேங்கரை நிமிர்த்தின. தீ மூளவில்லை. அந்த வீரர்களின் உழைப்பைக் கோவை மறக்கக் கூடாது.

இதே எரிவாயு வீட்டில் கசிந்து வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 எண்ணை அழையுங்கள்.