கல்லின் பாடமும் ஒளியின் அளவும்: நோத்ர தாம் பேராலயத்தை அளந்த வரலாறு

பழைய நூலொன்றின் வரலாற்றை அறிய விழைவார் ஏட்டுச் சுவடிகளைத் தேடிச் செல்வர். பழைய கட்டடமொன்றின் வரலாற்றை அறிய விழைவார்க்கோ பெரும்பாலும் அக்கட்டடத்தையன்றி வேறு சான்று வாய்ப்பதில்லை. பாரிசு நகரத்து நோத்ர தாம் பேராலயம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 1163-ஆம் ஆண்டை ஒட்டிக் கிழக்கே பீடப்பகுதியில் தொடங்கிய திருப்பணி, மேற்கே இரட்டைக் கோபுரங்கள் எழுந்து நிற்கும் வரை ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் நடைபெற்றது. அப்பணியைத் தொடங்கிய தலைமைக் கொத்தர்கள் வரைந்த வரைபடம் ஒன்றேனும் நமக்குக் கிட்டவில்லை. எச்சுவர் முன்னது, எது பின்னது, எங்கே பணி நின்று மீண்டும் தொடர்ந்தது என்னும் வினாக்களுக்கு விடை கல்லில்தான் உள்ளது. 2010-ஆம் ஆண்டில் லேசர் ஒளிகொண்டு அக்கல்லைப் படிக்க முயன்ற ஒருவரின் ஆய்வையும், ஒன்பது ஆண்டுகட்குப் பின்னர் அவ்வாய்வு எதிர்பாராத வகையிற் பயன்பட்டதையும் ஈண்டு ஆராய்வோம்.

பெருங்கட்டடங்களை அளத்தல் நெடுங்காலம் கயிறும் அளவுகோலும் தூக்குக்குண்டும் கொண்டே நடைபெற்றது. சாரம் கட்டி ஏறி, கைக்கு எட்டியதை அளந்து, எட்டாததைக் கணக்கிட்டு எழுதினர். இது காலமும் பொருளும் விழுங்குவது. உயிர்க்கும் ஊறு விளைப்பது. 1858-இல் செருமனியின் வெட்ஸ்லார் நகரத்துப் பேராலயத்தை அளக்க ஏறிய ஆல்பிரெக்ட் மைடன்பவர் என்னும் இளைஞர், உயரத்தினின்று விழவிருந்து மயிரிழையில் தப்பினார். சுவரின்மேல் ஏறி அளப்பதற்கு மாறாக, அதனைப் புகைப்படமாக எடுத்து, அப்படத்தின்மேல் அளந்தால் என்ன என்னும் எண்ணம் அவருக்கு அப்போது உதித்தது. அவ்வெண்ணமே வளர்ந்து, 1885-இல் பெர்லினில் பிரசிய அரசின் அளவைப்பட நிலையமாக உருப்பெற்றது. அங்குத் திரண்ட கண்ணாடித் தகடுகள் ஏறத்தாழ 20,000. இரண்டாம் உலகப்போரில் அழிந்த கட்டடங்களை மீண்டும் எழுப்புங்கால் அத்தகடுகள் பயன்பட்டன.

இதற்கு இணையாக வளர்ந்த மற்றொரு மரபு, கோணங்களை அளக்கும் தியோடலைட்டு என்னும் கருவியின் மரபாகும். அம்மரபு தமிழகத்தையும் தொட்டுச் சென்றது. தென்னாட்டை முக்கோணங்களாகப் பகுத்து அளந்து வந்த வில்லியம் லாம்டன், 1808-இல் தம் பெருங்கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிற் கோபுரத்தின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அவர் தாமே அதனைச் செப்பனிட்டுக்கொண்டார். கோயிலை அளப்பது அவர் நோக்கமன்று. நிலத்தை அளக்கக் கோயில் ஓர் உயர்ந்த மேடையாயிற்று, அவ்வளவே. எனினும் கிடைக்கோணம், குத்துக்கோணம் ஆகிய இரண்டையும் நுணுகி அளக்கும் அக்கருவியே இன்றைய லேசர் வருடிக்கு மூதாதை எனல் பொருந்தும். குறைவாக நின்றது தொலைவை நேரே அளக்கும் ஆற்றல் ஒன்றுதான். 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசர் ஒளியை உண்டாக்கினார். அவ்வொளியும் மின்னணுக் கடிகாரமும் தியோடலைட்டின் கோணங்களோடு கூடியபோது, 1990-களின் இறுதியில் கட்டடங்களை வருடும் கருவி விற்பனைக்கு வந்தது.

அதன் இயல்பு எளிது. முக்காலிமேல் நிற்கும் கருவி ஓர் ஒளித்துடிப்பை விடுக்கின்றது. அது சுவரிற் பட்டு மீள்கின்றது. போய்வந்த காலத்தைக் கொண்டு தொலைவு அறியப்படுகின்றது. ஒளி நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்வதாதலின், தொலைவை ஒரு மில்லிமீட்டர் நுட்பத்திற்கு அறியவேண்டின், ஒரு நொடியை இலட்சம் கோடிக் கூறுகளாக்கி அவற்றுள் ஏறத்தாழ ஏழு கூறுகளைப் பிரித்தறிய வேண்டும். நடைமுறையில் சில மில்லிமீட்டர்ப் பிழை இருக்கவே செய்யும். கருவி தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு, கண்ணாடியொன்றால் ஒளியை மேலும் கீழும் செலுத்தி, நொடிக்குப் பல்லாயிரம் புள்ளிகளைக் குறிக்கின்றது. ஒவ்வொரு புள்ளிக்கும் நீளம், அகலம், உயரம் என மூன்று எண்கள் உண்டு. இப்புள்ளித்திரளே கட்டடத்தின் படி. ஆனால் ஓரிடத்தில் நிற்கும் கருவி தூணின் ஒரு பக்கத்தையே காணும். மறுபக்கம் நிழலாகி விடும். ஆகவே இடம் மாற்றி மாற்றி நிறுத்தி, பொதுவான குறிகளைக் கொண்டு அத்திரள்களை ஒன்றோடொன்று பொருத்துகின்றனர்.

அமெரிக்க நாட்டு வாசர் கல்லூரியிற் கலைவரலாறு கற்பித்த ஆண்ட்ரூ டாலன், கொலம்பியப் பல்கலைக்கழகத்துப் பால் பிளேயருடன் சேர்ந்து, 2010-இல் நோத்ர தாமின் உள்ளும் புறமும் ஐம்பதுக்கு மேற்பட்ட நிலைகளிற் கருவியை நிறுத்தினார். கிட்டிய புள்ளிகள் நூறு கோடிக்கும் மேல். அவர் நோக்கம் பழுதுபார்ப்பதன்று. படமெடுத்துக் காட்டுவதும் அன்று. கட்டியவர்கள் எங்கே இடருற்றனர், எங்கே எண்ணத்தை மாற்றினர் என்பதைக் கோணல்களைக் கொண்டு அறிதலே அவர் நோக்கம்.

இந்நோக்கின் அருமையை உணர, முன்னைய வரைபடங்களை நினைத்தல் வேண்டும். 19-ஆம் நூற்றாண்டினர் ஒரு பேராலயத்தை வரையுங்கால், ஒரு கட்டினைச் செவ்வனே அளந்து, ஏனைய கட்டுகளையும் அதனைப்போல் வரைந்துவிடுவது வழக்கம். சுவர்கள் நிமிர்ந்து நிற்கும். தூண்கள் ஒரே கோட்டில் அமையும். காட்சிக்கு இனியது, வரலாற்றுக்கு ஊமை. ஏட்டிற் பிழைபட்டுக் காணும் சீரைத் தம் மனம்போல் திருத்தி அச்சிட்டுவிட்டு, திருத்தியதையும் சொல்லாது விடும் பதிப்பாசிரியரின் செயலை இஃது ஒக்கும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்புநோக்க ஏன் அத்துணை உழைத்தார் என்பதை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

டாலன் கண்டவற்றுள் முதன்மையானது மேற்குப் பகுதியைப் பற்றியது. அங்கே உள்தூண்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை. அவ்விடத்து முன்னிருந்த கட்டடங்களின் எச்சங்களை முற்றும் அகற்றாது, அவற்றைச் சூழ்ந்தும் சார்ந்தும் புதியன எழுப்பினர் போலும் என்று அவர் கருதினார். மேற்கு முகப்பில் மன்னர் சிலைவரிசை நிற்கும் மாடம் தூக்குநூலினின்று ஏறத்தாழ ஓர் அடி விலகியிருந்தது. பணி நடைபெறுங்காலத்திலேயே முகப்பின் எடை தாங்காது நிலம் அமிழ, கொத்தர்கள் சில ஆண்டுகள் பணியை நிறுத்தி, மண் இறுகிய பின்னரே மேலே கட்டினர் என்பது அவர் துணிபு. எழுதி வைப்பார் இல்லாத ஒரு பெருங்கவலையை ஓரடிக் கோணல் எண்ணூறு ஆண்டு காத்து வைத்திருந்தது என்க.

மற்றொன்று, சுவரைப் புறத்தே நின்று தாங்கும் வளைவு உதைகால்கள் பற்றியது. பீடப்பகுதிக்கு இவை தொடக்கத்திலேயே அமைந்தனவா, பிற்காலத்துச் சேர்க்கப்பட்டனவா என்பது அறிஞரிடையே நெடுநாள் வழக்கு. கல்லாலாகிய வளைகூரை சுவரை வெளிப்புறம் தள்ளும் இயல்பினது. உதைகால் இன்றிச் சில ஆண்டுகள் நின்றிருப்பினும் சுவர் புறஞ்சாய்ந்திருக்கும். அளவிலோ அத்தகைய சாய்வு காணப்படவில்லை. ஆகவே உதைகால்கள் தொடக்க காலத்தனவே என்றார் டாலன். இம்முடிபு வலியதே, ஆயினும் இஃது இன்மையைச் சான்றாகக் கொண்ட முடிபு என்பதை மறத்தலாகாது. 13-ஆம் நூற்றாண்டில் மேற்சாளரங்கள் பெரியவாக்கப்பட்டன. உதைகால்களும் பலகால் புதுக்கப்பட்டன. முகப்பைப் பற்றிய முடிபு ஒரு கோணலின் மேல் நிற்க, இது கோணல் இன்மையின் மேல் நிற்கின்றது. இரண்டையும் ஒரே நிறையில் வைத்தல் கூடாதென்பது எம் கருத்து.

டாலன் 2018 நவம்பரில் மறைந்தார். ஐந்து திங்கள் கழித்து, 2019 ஏப்பிரல் 15 அன்று மாலை பேராலயத்தின் மரக்கூரை தீப்பற்றிற்று. 1859-இல் வியொலே-லெ-தியூக் எழுப்பிய ஊசிக்கோபுரம் எரிந்து வீழ்ந்தது. வளைகூரையின் சில பகுதிகளும் இடிந்தன. கல்வரலாற்றை ஆய அளந்த அளவுகள் இப்போது காயமுற்ற கட்டடத்தின் முன்னிலையைக் காட்டும் ஆவணமாயின. தீக்குப் பின் எடுத்த புதிய வருடல்களைப் பழையனவற்றோடு ஒப்பிட்டு, எக்கல் இடம்பெயர்ந்தது, எது பெயரவில்லை என ஆய்ந்தனர். 2024 திசம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

இதனால் ஒளியளவையே ஆலயத்தை மீட்டது என்று எழுதுவார் உளர். அது மிகை. எரிந்துபட்ட மரக்கூரையை நோக்குக. காடு என்றே அழைக்கப்பட்ட அவ்வோக்குமரச் செறிவை, ரெமி புரோமோன், செத்ரிக் திராந்தசோ என்னும் இரு கட்டடக்கலைஞர் 2014-இல் நேரிற் புகுந்து, உத்தரம் உத்தரமாக அளந்து வரைந்திருந்தனர். கூரையைப் பழைய வடிவில் எழுப்ப அவ்வரைவுகள் பெருந்துணையாயின. மரம் எவ்வாறு வெட்டப்பட்டது, பொருத்து எவ்வாறு அமைந்தது என்பன அருகிருந்து நோக்கும் பயின்ற கண்ணுக்கே புலனாவன.

இன்னும் ஒன்று. லேசர் காண்பது மேற்பரப்பை மட்டுமே. தீக்குப் பின் பழுதுபார்த்த காலத்தில் சுவர்களின் கற்களை இணைக்கும் இரும்புப் பற்றுக்கம்பிகள் வெளிப்பட்டன. ஆய்ந்தோர் அவை 1160-களிலேயே இடப்பட்டன என 2023-இல் அறிவித்தனர். தொடக்கந்தொட்டே இரும்பை இவ்வாறு பெரிதும் பயன்படுத்திய முதல் கோதிக்குப் பேராலயம் இதுவே எனவும் கூறினர். 2022-இல் தளத்தின் அடியில், பழைய பீடத்தடுப்புச் சுவரின் வண்ணம் மாறாத சிற்பத் துண்டுகள் கிடைத்தன. டாலனின் கருவி அத்தளத்தின் மேல்தான் நின்று சுழன்றது. அடியிற் கிடந்ததை அது கண்டிலது. சுவர்கள் எவ்வாறு நிமிர்ந்து நின்றன என்னும் வினாவில் உதைகால்களோடு இரும்பையும் இனிச் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

எஞ்சி நிற்பது இவ்வளவுகளைக் காக்கும் வினா. மைடன்பவர் நிலையத்துக் கண்ணாடித் தகடுகள் இன்றும் பிராண்டன்புர்க் மாநிலத்து நினைவுச்சின்னக் காப்புத்துறையில் உள்ளன. வெளிச்சத்தில் ஏந்திப் பிடித்தால் எவரும் காணலாம். நூறு கோடிப் புள்ளிகளை அவ்வாறு ஏந்திப் பிடித்தல் இயலாது. அவற்றைத் திறக்கத் தக்க கணினியும் நிரலும் வேண்டும். அவை சில ஆண்டுகளில் வழக்கொழியும். செல்லரிக்கும் ஏட்டைத் தலைமுறைதோறும் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதியது போல, இவற்றையும் காலந்தோறும் புதிய வடிவிற் பெயர்த்து வைத்தல் வேண்டும். அப்பணி நூலகத்தாருடையதா, கட்டடக் காப்பாளருடையதா, அளந்தவர் சார்ந்த பல்கலைக்கழகத்தினுடையதா என்பது இன்னும் பல நாடுகளில் வரையறுக்கப்படவில்லை.