கிட்டியும் அண்ணாந்தாளும்

காவலரைக் கண்டு குடிகள் அஞ்சும் நிலைக்கு நம் நாட்டில் நெடிய வரலாறு உண்டு. அதனை ஆராயப் புகுவார்க்குத் தலையாய சான்று, சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855-இல் அளித்த அறிக்கையாகும். எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரும் அக்குழுவின் உறுப்பினர். விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, தலையைக் காலை நோக்கி வளைத்துக் கயிற்றாற் பிணிக்கும் ‘அண்ணாந்தாள்’ என்னும் தமிழ்ச் சொற்கள் அவ்வறிக்கையிற் கொடுமைகளின் பெயர்களாக இடம்பெற்றன.

வரி தண்டலும் காவலும் அந்நாளில் தாசில்தார் ஒருவர் கையிலேயே இருந்தன. ஆதலின் வரி செலுத்த இயலாதவனும் குற்றஞ்சாட்டப்பட்டவனும் ஒரே கையால் வருத்தப்பட்டனர். முறையிடச் சென்றவனும் அக்கையையே நாட வேண்டியிருந்தது. குழு, பழியைப் பெரிதும் இந்தியச் சிப்பந்திகள்மேற் சுமத்தியது. எனினும் அவ்வரியை விதித்தோர் மேலிருந்த ஆட்சியாளரே என்பதை நாம் மறத்தலாகாது.

1859-ஆம் ஆண்டுச் சட்டம் காவலைத் தனித்துறையாக்கியது. காவலரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராகச் செல்லாது என்னும் விதி, 1861-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திற் புகுந்து, 1872-இல் சாட்சியச் சட்டத்தில் நிலைபெற்றது. 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டமும் அதனைக் கைவிடவில்லை. குடிகளின் ஐயத்தைச் சட்டமே தன் ஐயமாக ஏற்றுக்கொண்டது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.