சுழலும் கைப்பிடி

பழைய ராணுவக் களத்தொலைபேசியைச் சேகரிப்பவர் முதலில் உறையைப் பார்க்கிறார். ஜெர்மானிய 1933 மாதிரி என்றால் பேக்கலைட் பெட்டி. அமெரிக்க ஈஈ-8 என்றால் தோல் அல்லது கித்தான். அப்புறம் கைப்பிடியைச் சுற்றிப் பார்ப்பார். பேச்சுக்கு பேட்டரி, மறுமுனையில் மணி அடிக்கக் கைப்பிடி சுழற்றும் ஜெனரேட்டர்.

அல்ஜீரியப் போரில் (1954-62) பிரெஞ்சுச் சிப்பாய்கள் இத்தகைய ஜெனரேட்டரின் கம்பிகளைக் கைதிகளின் உடலில் மாட்டினார்கள். அதற்குச் செல்லப்பெயர் வேறு: ‘ழெழென்’. 1957இல் அல்ஜியர்ஸில் இப்படி வதைபட்ட பத்திரிகையாளர் ஆன்ரி அலெக் எழுதிய ‘கேள்வி’, 1958இல் வெளிவந்த சில வாரங்களிலேயே அரசால் பறிமுதல் செய்யப்பட்டது. பேசுவதற்கான கருவி, பேசவைக்கும் கருவியாயிற்று.

சேகரிப்பாளரின் குறிப்பில் தயாரிப்பு முத்திரை, ஆண்டு எல்லாம் ஏறுகிறது. சுற்றிய கை ஏறுவதில்லை. கைப்பிடி லேசாகச் சுழல்கிறதே என்று சந்தோஷப்படுமுன் அதையும் கேட்டாக வேண்டும்.