பீடமும் சிலுவையும்: ஜப்பானின் பௌத்தக் குடும்பங்களுக்குள் கிறிஸ்தவர்கள்

ஜப்பானில் ஒருவர் கிறிஸ்தவராவது அவரோடு முடிகிற விஷயமாக நெடுங்காலம் இருக்கவில்லை. பாட்டனாரின் சாம்பல் எந்தக் கோயிலில் இருக்கிறது, நினைவுநாளில் முன்வரிசையில் உட்கார வேண்டியவர் யார், வீட்டிலுள்ள முன்னோர் பீடத்தில் காலையில் முதல் பிடிச் சோற்றை வைக்கும் மருமகள் எவள் என்பவைதாம் அங்கே முதலில் எழும் கேள்விகள். பௌத்தமும் கிறிஸ்தவமும் தத்துவத் தளத்தில் மோதிக்கொண்டதைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. குடும்பத்துக்குள் அந்த மோதல் இறந்தவர்களை வைத்தே நடந்தது என்பதும், அது எந்த வடிவம் எடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு காலத்திலும் சட்டமே முடிவு செய்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம். சபைகளின் விதிமுறைகள் பெரும்பாலும் பிந்தியே வந்தன.

இதற்கான முதல் சான்றைத் தருபவர் தமிழருக்கு நன்கு அறிமுகமானவர். முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே பணியாற்றிய புனித சவேரியார் 1549 ஆகஸ்டில் காகோஷிமாவில் கரையிறங்கினார். ஜப்பானிலிருந்து திரும்பியதும், 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள், செத்துப்போன தங்கள் தாய் தந்தையருக்கு விமோசனம் உண்டா என்று அவரை விடாமல் கேட்டிருக்கிறார்கள். நரகத்துக்குப் போனவர்களுக்கு மீட்சி இல்லை என்று அவர் சொல்ல, அவர்கள் அழுதிருக்கிறார்கள். அதைப் பார்த்துத் தாமும் வருந்தியதாக அவரே எழுதுகிறார். பௌத்தத் துறவிகளோ நரகத்தில் கிடப்பவர்களையும் சடங்கால் மீட்க முடியும் என்று சொல்லிவந்தார்கள். கடவுள் ஒருவரா பலரா என்பதைவிட இந்த இடத்தில்தான் சவேரியாரின் போதனை வீடுகளுக்குள் இடறியது.

1614இல் தோக்குகாவா அரசு நாடு முழுவதும் கிறிஸ்தவத்தைத் தடை செய்தது. 1637-38இல் நடந்த ஷிமாபாரா கிளர்ச்சிக்குப் பிறகு பிடி மேலும் இறுகியது. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்தக் கோயிலில் பதிந்தாக வேண்டும். அந்த வீட்டில் கிறிஸ்தவர் யாருமில்லை என்று கோயில் குரு சான்று தர வேண்டும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதிக்குள் இது நாடு தழுவிய ஏற்பாடாகிவிட்டது. 1687இல் வந்த ஆணை, மதத்தைக் கைவிட்டவர்களின் வாரிசுகளையும் தலைமுறை கடந்து கண்காணிக்கச் சொன்னது. மேலோட்டமாகப் பார்த்தால் இது கிறிஸ்தவ ஒழிப்பு நடவடிக்கை. நீண்டகால விளைவு வேறு: பௌத்தம் தனிமனிதரின் நம்பிக்கை என்ற நிலையிலிருந்து குடும்பத்தின் முகவரி என்ற நிலைக்கு மாறியது. சாவும் கல்லறையும் அந்தக் கோயிலின் பொறுப்பாயின. தங்கள் குடும்பம் பௌத்தத்தின் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதை வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகே விசாரித்துத் தெரிந்துகொள்ளும் ஜப்பானியர்கள் இன்றும் உண்டு. அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

நாகசாகி வட்டாரத்து மறைவுக் கிறிஸ்தவர்கள் சுமார் இரண்டரை நூற்றாண்டு இந்த முகவரிக்குள்தான் குடியிருந்தார்கள். பதிவேட்டில் எல்லோரும் பௌத்தர்கள். சாவு விழுந்தால் குரு வந்தே தீர வேண்டும். அவர் பிணத்தின் முன் அமர்ந்து சூத்திரம் ஓதுகிறார். அதே நேரத்தில் அடுத்த அறையில் சிலர் கூடி, அந்த ஓதலின் பலனை அழிப்பதற்கென்றே உள்ள செபத்தை வாய்க்குள் சொல்கிறார்கள். இதற்குச் சூத்திர அழிப்பு என்று பொருள்படும் ‘கியோகேஷி’ என்பது பெயர். நாகசாகி நகருக்கு வடமேற்கே கடலோரத்திலுள்ள சொதோமேயில், பாஸ்தியான் என்ற உபதேசியாரோடு சேர்த்துப் பேசப்படும் புனிதக் கமேலியா மரம் ஒன்று இருந்தது. 1856இல் அது வெட்டப்பட்டபோது மரத்துண்டுகள் வீடுவீடாகப் பங்கிடப்பட்டன. அதில் ஒரு சிம்பு இறந்தவரோடு சேர்த்து அடக்கம் செய்யப்படும். குரு கண்ட சாவுச் சடங்கு ஒன்று, வீட்டார் செய்தது இன்னொன்று.

இதை வெறும் வேடம் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. சொதோமேயின் தென்புகுஜி என்ற ஜென் கோயில் இம்மக்களைத் தெரிந்தே காத்தது என்பது அவ்வூர் நினைவு. தடை நீங்கிய பிறகும் அந்த நன்றிக்காகக் கோயில் உறவை விடாத குடும்பங்கள் அங்கே இருந்தன. இருநூறு ஆண்டுகள் தொடர்ந்து போடப்படும் வேடம் ஒரு கட்டத்தில் உறவாகிவிடுகிறது.

1865 மார்ச்சில் நாகசாகியை அடுத்த உராகாமியின் குடியானவர்கள் நாகசாகியின் ஓஉரா தேவாலயத்துக்கு வந்து, பிரெஞ்சுக் குருவான பெத்தித்ஜானிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்ட நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டது. அதற்கு இரண்டாண்டு கழித்து நடந்ததே நம் ஆய்வுக்கு முக்கியம். 1867இல் உராகாமியில் சில குடும்பங்கள் கோயில் குருவை அழைக்காமல் தாங்களே இறந்தவரை அடக்கம் செய்தன. அதுவரை எத்தனையோ விஷயங்களில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அதிகாரிகளால் இதை விட்டுவிட முடியவில்லை. கோயிலுக்கும் வீட்டுக்குமான பதிவுறவையே இது அறுத்தது. கைதுகள் தொடங்கின; ஆட்சி மாறியும் நிற்கவில்லை. மெய்ஜி அரசு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உராகாமி மக்களை நாட்டின் பல பகுதிகளுக்கு நாடு கடத்தியது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1873இல் கிறிஸ்தவத் தடையை அறிவித்த பலகைகள் அகற்றப்பட்ட பின்னரே மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள். அந்தப் பெரும் வதைக்குத் தீப்பொறி ஒரு சவ அடக்கம்.

தடை நீங்கியதும் எல்லோரும் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் திரும்பிவிடவில்லை. கணிசமான குடும்பங்கள் பழைய வழியிலேயே நின்றன. கத்தோலிக்கக் குருக்கள் முன்னோர் பீடத்தைத் தூக்கிப்போடச் சொன்னார்கள். அந்தப் பீடத்தில் இருந்ததோ ரகசியமாகச் செபித்துச் செத்த தாத்தாவின் பெயர்ப்பலகை. அவரைத் தெருவில் போட்டுவிட்டு அவருடைய மதத்தில் சேர்வது எப்படி?

பலகைகள் அகற்றப்பட்டதாலேயே சட்டம் இளகிவிடவில்லை. 1872இன் அரசாணை, சவச் சடங்கை ஷிந்தோ அல்லது பௌத்தக் குருமாரே நடத்த வேண்டும் என்றது. 1884 வரை அது ஏட்டில் இருந்தது. 1873க்கும் 1884க்கும் இடையில் ஒரு கிறிஸ்தவரால் வெளிப்படையாக வாழ முடிந்தது, கிறிஸ்தவராக அடக்கமாவதுதான் சிக்கல். 1889 அரசியல் சாசனம் நிபந்தனைகளோடு மதச் சுதந்திரம் தந்தது. 1898இன் குடிமைச் சட்டமோ குடும்பத் தலைமையைச் சட்டபூர்வமாக்கி, வம்சாவளிப் பதிவு, வழிபாட்டுப் பொருள்கள், கல்லறை ஆகியவற்றைக் குடும்பத் தலைமைக்கு வாரிசாக வருபவரின் தனி உரிமையாக வைத்தது. ஒரு சட்டம் ஆளை விடுவித்தது. இன்னொன்று மூத்த மகனைக் கட்டிப்போட்டது. இளையவன் ஞானஸ்நானம் பெற்றால் வீட்டுக்கு வருத்தம். மூத்தவன் பெற்றால் பீடத்துக்கு ஆளில்லை.

மருமகள்களின் கதை ஆவணங்களில் குறைவாகவே அகப்படுகிறது. 1870இல் யோக்கோஹாமாவில் மேரி கிடர் தொடங்கிய பள்ளி, 1875இல் கோபேயில் எழுந்த பள்ளி போன்ற மிஷன் பெண்பள்ளிகளில் பைபிள் படித்த பெண்கள் பலர் பௌத்த வீடுகளுக்கே வாழ்க்கைப்பட்டார்கள் என்று கொள்வதில் தவறில்லை. கிறிஸ்தவ மாப்பிள்ளைகள் அவ்வளவு பேர் நாட்டில் இல்லை. பீடத்துக்குச் சோறும் தண்ணீரும் வைப்பது, மலர் மாற்றுவது, நினைவுநாளுக்கு வரும் பங்காளிகளுக்குச் சமைப்பது எல்லாம் அவர்கள் தலையில் விழுந்த வேலை. எது வழிபாடு, எது வீட்டு வேலை என்ற பிரிப்பை இறையியலாளர்களுக்கு முன்பே அவர்கள் அடுப்படியில் செய்து பார்த்திருக்க வேண்டும்.

ரோமாபுரி 1742இல் முன்னோருக்குச் செய்யும் சீனச் சடங்குகளுக்கு எதிராக இறுதியாகக் கதவை அடைத்திருந்தது. 1936இல் ஜப்பானுக்கென வந்த அறிவுறுத்தல், ஷிந்தோ ஆலய விழாக்களை நாட்டுக்கடமையாகக் கருதிப் பங்கேற்கலாம் என்றதற்காகவே நினைவுகூரப்படுகிறது. அது போர்க்கால நெருக்கடியின் நிழலில் பிறந்தது என்ற குறையும் நியாயமானதே. ஆனால் அதில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு: சாவு, திருமணம் முதலியவற்றில் வெறும் மரியாதையாகிவிட்ட வழக்கங்களில் கத்தோலிக்கர் உறவினரோடு கலந்துகொள்ளலாம். 1985இல் ஜப்பான் ஆயர் பேரவையின் குழு, முன்னோரையும் இறந்தவர்களையும் பற்றி வினா-விடை வடிவில் ஒரு கையேட்டை வெளியிட்டது. பௌத்தச் சாவு வீட்டில் தூபம் இடலாமா, பீடத்தை வைத்திருக்கலாமா என்று குடும்பங்கள் கேட்கும் கேள்விகளே அதன் உள்ளடக்கம். பதில்கள் பெரும்பாலும் இணக்கமானவை. சீர்திருத்தச் சபைகளில் ஒருமித்த கருத்து இல்லை. தூபச் சிமிழின் முன் வெறுமனே தலை வணங்கித் திரும்புகிறவர்களும் உண்டு, ஒரு சிட்டிகை எடுத்துப் போடுகிறவர்களும் உண்டு. கிறிஸ்தவச் சாவுகளில் தூபத்தின் இடத்தை ஒற்றை வெள்ளைப்பூ பிடித்துக்கொண்டது. வந்தவர்கள் வரிசையில் நின்று, காம்பு பீடத்தைப் பார்க்க அதை வைக்கிறார்கள். பௌத்த அத்தையும் சித்தப்பாவும் சங்கடமில்லாமல் செய்யக்கூடியது அது. சாவுக்கான பணஉறையின் மேலும் ‘தூபக் காணிக்கை’க்குப் பதில் ‘மலர்க் காணிக்கை’ என்று எழுதி, கடைகளில் அச்சிட்டே விற்கிறார்கள்.

போருக்குப் பிந்திய 1947ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் குடும்பத் தலைமையை ஒழித்தது. ஆனால் 897ஆம் பிரிவு, கல்லறையும் வழிபாட்டுப் பொருள்களும் வழக்கப்படி முன்னோர் வழிபாட்டை நடத்துபவரைச் சேரும் என்று தனியே பிரித்து வைத்தது. வீடு, நிலம் பங்காகும், முன்னோர் பங்காகமாட்டார். 1963இல் த்சு மாவட்ட நீதிமன்றம், மதம் மாறியவர் குடும்பத்தாரைக் கோயில் மயானத்தில் அடக்கம் செய்யக் கேட்டால் அதை மறுக்க முடியாது, ஆனால் சடங்கு கோயிலின் முறைப்படியே நடக்கலாம் என்று தீர்ப்பளித்தது. சோகா கக்காய் என்ற புதிய பௌத்த இயக்கத்தாருக்கும் கோயில்களுக்கும் நடந்த தகராறுகளின் காலத்துத் தீர்ப்பு அது. ஆயினும் பாட்டன் பூட்டனோடு ஒரே கல்லறையில் கிடக்க விரும்பும் கிறிஸ்தவர்களுக்கும் பொருந்துவது.

இப்போதைய சூழல் முந்தைய எதிலும் அடங்காதது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கிராமங்கள் காலியாகின்றன. ஒரே வாரிசு கிறிஸ்தவராகவும் இருந்தால், பௌத்தக் கல்லறையைப் பராமரிக்க மிஞ்சியவர் அவர்தான். முடியாதபோது அவரே ‘ஹாகாஜிமாய்’ எனப்படும் கல்லறை மூடலை நடத்த வேண்டியிருக்கிறது. கோயில் நிர்வாகத்திடம் சான்று வாங்கி, உள்ளூர் நகராட்சியில் எலும்புகளை இடம் மாற்ற அனுமதி பெற்று, கல்லிலிருந்து ஆன்மாவை விலக்கும் சடங்குக்குக் குருவை அழைத்து, அவருக்குக் காணிக்கையும் தர வேண்டும். எலும்புகள் போய்ச்சேரும் இடம் சில சமயம் தேவாலயத்தின் பொது அஸ்திக்கூடம். ஞானஸ்நானமே பெறாத பாட்டனாரின் அஸ்தியை அங்கே ஏற்கலாமா என்று பங்குக் குருமாரிடமும் போதகர்களிடமும் வரும் கேள்விகள், 1552இல் சவேரியார் எழுதிவைத்த அந்தக் கேள்வியைவிடச் சுலபமானவை அல்ல.